38,000 ரூபாய்க்கு ஒரு அலுமினிய டப்பா: ட்ராக்குக்கு வண்டி ரெடி பண்றவங்க பார்க்கவும்

மூலக்கடையில இருந்து மாதவரம் போற வழியில, ஜிஎன்டி ரோட்டை ஒட்டின சந்துல இருக்கு அந்தப் பட்டறை. பேர் போடலை. புகார் குடுத்திருக்கேன், அது முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னு வீட்ல உத்தரவு. ஆனா நடந்ததைச் சொல்லலாம்ல.

வண்டி பழைய எஸ்டீம். வருஷத்துக்கு மூணு நாலு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே (சொந்த வண்டியை ட்ராக்ல ஓட்டிப் பார்க்கற நாள்) ஓட்டுவேன். பெட்ரோல் பாதிக்குக் கீழ இறங்கினா நீள வளைவுல வண்டி திக்க ஆரம்பிச்சிடும். இது வண்டியோட குறை இல்ல. நல்ல டயர் போட்டு 1 ஜி அளவுக்கு வளைச்சா, டேங்க்குள்ள பெட்ரோல் மட்டம் 45 டிகிரி சாயும். வலது பக்கம் திரும்பினா மொத்தமும் இடது சுவர்ல ஏறி நிக்கும், பம்ப் வாயில காத்துதான் போகும். அந்த நேரம் ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிருந்தா, காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு எரிஞ்சு, இன்ஜின் நாக் ஆகி (சிலிண்டருக்குள்ள தாறுமாறா வெடிச்சு), பிஸ்டன்ல ஓட்டை விழற வரைக்கும் போகலாம். அதுவரை ஃபுல் டேங்க் போட்டுச் சமாளிச்சேன். சும்மா எடையைச் சுமக்கறோமேன்னு சர்ஜ் டேங்க் வைக்க முடிவு பண்ணேன், அதாவது பெரிய டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல எப்பவும் நிறைஞ்சே இருக்கற ஒரு சின்ன டப்பா. தப்பு அங்க இல்ல, ஆளைத் தேடின இடத்துல.

"சோழவரத்துலயே ரேஸ் வண்டிக்கு வேலை பாத்தவன் நைனா நானு"ன்னார் பட்டறைக்காரர். எங்கப்பா தண்டையார்பேட்டையில இருந்து சைக்கிள் மிதிச்சுப் போய் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் பார்த்த ஆளு, அதனால அந்தப் பேரைக் கேட்டதும் உருகிட்டேன். 1990ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததுக்கு அப்புறம் சோழவரம் கதை முடிஞ்சுபோச்சு. அப்ப இவருக்கு வயசு பத்துகூட இருந்திருக்காது. இந்தக் கணக்கு எனக்குப் பணம் குடுத்த பிறகுதான் தோணுச்சு.

பேசினது: ரெண்டு லிட்டர் சர்ஜ் டேங்க், மணிக்கு 255 லிட்டர் தள்ளுற புது பம்ப், பம்ப்புக்குப் பேட்டரியில இருந்து நேரா கரண்ட் குடுக்கத் தனி ரிலேயும் (கரண்ட்ல இயங்கற ஸ்விட்ச்) தடி ஒயரும். 38,000. "ஜிபே வேணாம் நைனா, கேஷா குடு." பில் கேட்டதுக்கு, "நம்மளுக்குள்ள இன்னா பில்லு?"

ஊருக்குள்ள வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. ட்ராக்ல மூணாவது லேப், வளைவு முடிஞ்சு நேர் ரோட்டுக்கு வந்தப்புறமும் இழுக்கலை. முன்னாடி வளைவுல மட்டும் திக்கின வண்டி இப்ப நேர் ரோட்லயும் திக்குது. ஃப்யூல் பிரஷர் கேஜ்ல 3 பார் இருக்க வேண்டிய முள்ளு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஆடுது. ஓரம் கட்டிட்டேன். டிக்கியைத் திறந்தா பெட்ரோல் வாடை.

வீட்டுக்கு வந்து நானும் ஃப்ரெண்டும் தெருவுல வெச்சுப் பிரிச்சோம், பக்கத்துல தீயணைப்பான் வெச்சுக்கிட்டு. டப்பாவுல தண்ணி ஊத்தி அளந்தா 700 மில்லி. ரிலேயே இல்ல, பழைய மெல்லிசு ஒயர்லயே முறுக்கி டேப் சுத்தியிருக்கு, பேட்டரியில 13.8 வோல்ட் இருக்கும்போது பம்ப் கிட்ட 11.2. பம்ப்பைத் தனியா பேட்டரியில நேரா குடுத்து, 3 பார்ல 15 செகண்ட் கேன்ல பிடிச்சோம். 450 மில்லி. அதாவது மணிக்கு 108 லிட்டர். அட்டைப்பெட்டி மட்டும்தான் 255. டியூப் சாதாரண ரப்பர், மேல கைவெச்சா ஈரம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு, அதுக்குன்னு செய்யாத ரப்பர் தாங்காது. இதை டிக்கியில வெச்சு, சீட்டுக்கு நடுவுல ஒரு தகடுகூட அடிக்காம, இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கேன். நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஆனா வண்டியைக் கவுத்தது இது எதுவும் இல்ல, ஒரே ஒரு டியூப். இன்ஜினுக்கு ஃபுல் த்ராட்டில்ல நிமிஷத்துக்கு அரை லிட்டர்கூட வேணாம். பம்ப் 1.8 லிட்டர் தள்ளுது, மிச்சம் ரிட்டர்ன்ல திரும்பி வரும். அந்த ரிட்டர்ன் சர்ஜ் டேங்க்குக்குள்ள வரணும். அங்க நிரம்பி வழியறதுதான் பெரிய டேங்க்குக்குப் போகணும். இவர் ரிட்டர்னை நேரா பெரிய டேங்க்ல விட்டுட்டார். பெரிய டேங்க்ல இருந்து சர்ஜ் டேங்க்குக்குக் கம்பெனி பம்ப் ஏத்திவிடறதும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால வளைவுல குறைஞ்சது குறைஞ்சதுதான், நேர் ரோட்ல நிறையவே இல்ல. 700 மில்லிங்கறது இந்தக் கணக்குல 23 செகண்ட். மூணு லேப் வளைவுங்களைக் கூட்டிப் பாருங்க. அதே டப்பாவுல ரிட்டர்னைச் சரியா மாட்டியிருந்தா ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்கியிருக்கும். ஒரு டியூபை இடம் மாத்த வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்கிட்டயே போய்க் கேட்டேன். "இன்னா நைனா, எப்படி வுட்டாலும் டேங்க்குக்குத்தான போவுது? நீ ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு வந்து என்னைக் கேக்கற." பிளக்கைக் கழட்டிக் காட்டினேன், மூணாவது சிலிண்டர் பிளக் வெள்ளை வெளேர்னு, பீங்கான்ல பொடிப் பொடியா அலுமினியம், பிஸ்டன் உருக ஆரம்பிச்ச அடையாளம். பார்த்துட்டு, ஹெட்டைப் பிரிச்சுப் பார்க்க இன்னொரு 15,000 ஆகும்னார்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பில் இல்லாததுதான் இடி. "புது பம்ப், ரெண்டு லிட்டர், தனி ரிலே"ன்னு அவர் வாயாலயே சொன்ன வாட்ஸ்அப் ஆடியோ இருக்கு, அழிக்காம வெச்சிருக்கேன்.

இந்த வேலை குடுக்கறவங்க, பணம் எண்றதுக்கு முன்னாடி டிக்கியைத் திறந்து ரிட்டர்ன் டியூபை விரலாலேயே தொட்டுக்கிட்டுப் போங்க, எங்க போய் முடியுதுன்னு. பம்ப் கிட்ட வோல்ட் பாருங்க. அந்தப் பக்கம் ஏற்கெனவே சர்ஜ் டேங்க் போட்டவங்க யாராவது இருந்தா அடுத்த ட்ராக் டேக்கு முன்னாடி ஒருதரம் பம்ப்பை அளந்துடுங்க. கேஜ், கேன், மல்டிமீட்டர் எங்கிட்ட இருக்கு, தண்டையார்பேட்டை வந்தா ஞாயித்துக்கிழமை காலையில பார்த்துடலாம். பெட்ரோல் நீங்க கொண்டு வரணும்.