2024: நான் திரும்பத் திரும்பக் கேட்ட பாப், கண்ட்ரி பாடல்கள்

என் முதலிடம் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாடலுக்குத்தான். ஆரம்பத்தில் ஒலிக்கும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தவர் ரியானன் கிடென்ஸ்; அந்த ஒலிக்காகவே பாட்டை முதலிலிருந்து மறுபடி போடுவேன். கண்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் அதிகம் ஒலிக்கும் பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்கா. அப்படியிருந்தும் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஹாட் கண்ட்ரி தரவரிசைப் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பிடிக்க இந்தப் பாட்டு வரவேண்டியிருந்தது!

அடுத்து ஷபூசியின் 'எ பார் சாங்'. ஜே-க்வான் 2004இல் பாடிய ஹிப்ஹாப் பாட்டின் வரியை எடுத்து, கிட்டாரும் ஃபிடிலும் சேர்த்துக் கண்ட்ரியாக்கிவிட்டார். கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் எல்லா வகைப் பாட்டுக்குமான பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடம் என்பது, என்னைக் கேட்டால், கொஞ்சம் அதிகம்தான்.

பாப்பில் சாப்பல் ரோனின் 'குட் லக், பேப்!' பக்கத்தில் எதுவும் வரவில்லை. பல்லவியில் குரல் சட்டென்று உச்சிக்குத் தாவுகிறது. கடைசியில் பாட்டு வேகம் குறைந்து இழுபடும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம்.

சப்ரினா கார்பென்டரின் 'எஸ்பிரெசோ'? சரி, ஜாலியான பாட்டு. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.