குடும்பம் பெருகும்போது அடுத்த பாய்மரப் படகு: மூன்று வழிகள், ஓர் அலசல்

இரண்டாவது குழந்தை வந்த பிறகு 28, 30 அடிப் படகு போதாது என்பது உண்மைதான். சலூனில், அதாவது படகின் உள்கூடத்தில், மேசையை மடக்கினால்தான் ஒருவர் படுக்க முடியும், ஈரத் துணியை விரிக்க இடம் கிடையாது. அதனால் பெரிய பழைய படகு ஒன்றைத் தேடக் கிளம்புகிறோம். தேடுகிறவர்கள் பெரும்பாலும் படுக்கைகளை எண்ணுகிறார்கள். நான் கைகளை எண்ணச் சொல்வேன். படகில் பெரியவர்கள் இருவர் இருந்தாலும் ஒருவர் குழந்தைகளை விட்டு நகர முடியாது. பாயைச் சுருக்குவது, நங்கூரம் எடுப்பது, துறையில் கட்டுவது எல்லாம் மிச்சமிருக்கும் ஒருவர் தலையில்தான் விழும். படகு பெரிதாகிற அதே சமயத்தில் மாலுமிகள் குறைகிறார்கள்.

30 அடியிலிருந்து 38 அடிக்குப் போனால் நீளம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் அதே வடிவத்தைப் பெரிதாக்கினால் எடை நீளத்தின் மும்மடி வீதத்தில் ஏறும், ஏறக்குறைய இரட்டிப்பாகும். சின்னப் படகைத் துறையில் கையால் இழுத்து நிறுத்தலாம். ஏழெட்டு டன் படகு காற்றில் விலகத் தொடங்கினால் கயிறும் எஞ்சினும்தான் நிறுத்தும். கிடைக்கும் வேகமோ கொஞ்சம்தான். நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) 25 அடி என்றால் உச்ச வேகம் சுமார் 6.7 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), 32 அடி என்றால் 7.6.

சந்தையில் முக்கியமாக மூன்று வகை கிடைக்கும். பெனெட்டோ, ஜெனோ, பவேரியா போன்ற கம்பெனிகள் தொகுதி தொகுதியாகக் கட்டிய 36–40 அடிப் படகுகள் ஒன்று. காக்பிட் (சுக்கான் பிடித்து உட்காரும் திறந்த குழி) நடுவில் அமைந்த பழைய கனமான படகுகள் இன்னொன்று. மூன்றாவது, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்.

நங்கூரமிட்டு நிற்கும்போது வசதியில் கேட்டமரானை எதுவும் நெருங்க முடியாது. லகூன் 380ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 11.55 மீட்டர், அகலம் 6.53 மீட்டர், நீருக்கடியில் 1.15 மீட்டர்தான். சலூனும் காக்பிட்டும் ஒரே தளத்தில் இருப்பதால், சமைத்துக்கொண்டே குழந்தைகள்மேல் ஒரு கண் வைத்திருக்கலாம். கடலிலும் சாயாது, மேசைமேல் வைத்த டம்ளர் வைத்தபடியே இருக்கும். ஆனால் சாயாததே ஆபத்தும் கூட. ஒற்றை உடல் படகு காற்று மிஞ்சினால் சாய்ந்து காட்டிவிடும். கேட்டமரானில் அந்த எச்சரிக்கை கிடையாது. காற்றளவியைப் பார்த்து, குறித்த வேகம் வந்தால் பாயைக் குறைத்தே ஆக வேண்டும். அது கவிழ்வது அபூர்வம், ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. எதிர் அலையில் இரு உடல்களுக்கு நடுவிலுள்ள தளத்தின் அடியில் தண்ணீர் மொத்தும் சத்தம் கைக்குழந்தையைத் தூங்க விடாது. எஞ்சின் இரண்டு, பராமரிப்பும் இரண்டு. எல்லா மெரினாவிலும் (படகு நிறுத்தும் துறை) ஆறரை மீட்டர் அகலத்துக்கு இடம் இருக்காது, படகை நீரிலிருந்து தூக்கும் எல்லா இயந்திரத்திலும் நுழையாது. நிறுத்த இடம் உறுதியாகாமல் கேட்டமரானுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தொகுதியாகக் கட்டிய படகுகளின் பலம் அறைகள். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று மூன்று அறைகள் 37 அடியிலேயே கிடைத்துவிடும். ஆளுக்கொரு கதவு இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை பாதி குறையும். பின்புறம் நீச்சல் மேடை இருப்பதால் தண்ணீரிலிருந்து ஏறுவது சுலபம். உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டாம். என் குறை சமையலறை பற்றியது. பல மாடல்களில் அது சலூனின் ஒரு பக்கத்தோடு நீளமாக ஓடும். துறையில் நிற்கும்போது அழகுதான். படகு 20 டிகிரி சாயும்போது சமைப்பவர் இடுப்பைச் சாய்க்க ஒன்றுமில்லை. கையில் கொதிநீர், காலடியில் குழந்தை. வாங்கும் முன் அங்கே நின்று, படகு இரு பக்கமும் சாய்வதாக நினைத்துப் பாருங்கள். வாடகைக்கு ஓடிய படகு என்றால் எஞ்சின் ஓடிய மணிநேரமும் பாய்களின் நிலையும் விலையில் தெரிய வேண்டும்.

நடுக் காக்பிட் படகுகளில் எனக்குப் பிடித்த உதாரணம் ஹால்பெர்க்-ராசி 352. 1978இலிருந்து 1991 வரை கட்டினார்கள். 35 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஆறரை டன்னுக்கு மேல். காக்பிட் ஆழம், முன்னால் கண்ணாடித் தடுப்பு. மூன்று வயதுக் குழந்தை நின்றாலும் விளிம்பு மார்புக்கு மேலே இருக்கும். சுக்கானை விட்டு எழாமலே பல கயிறுகள் கைக்கு எட்டும். சலூனிலிருந்து பின்னறைக்கு உள்ளேயே நடந்து போகலாம் என்பதால், இரவில் அழும் பிள்ளையிடம் போக மேல்தளம் ஏற வேண்டாம். கனம் இருப்பதால் அலையில் அசைவு மெதுவாக இருக்கும், வாந்தியும் குறையும். அறைகள் குறைவு என்பதை மறைக்கவில்லை. பிள்ளைகள் பதின்பருவம் எட்டினால் இடநெருக்கடி மறுபடி வரும்.

வயதுதான் இவற்றின் பெரிய செலவு. தேக்குத் தளமுள்ள பழைய படகில் பலகைகளைத் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். ஆணியை மூடும் சிறு மரக்கட்டைகள் பெயர்ந்திருந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: ‘டக்’ என்ற கெட்டியான ஒலி நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே ஊறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். தளத்தை மாற்றுவது பல சமயம் படகு விலையில் கணிசமான பங்கைத் தின்னும்.

பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழே, பயணம் கரையை விட்டு விலகிப் போகும் என்றால் நான் நடுக் காக்பிட்டையே எடுப்பேன். வாரக்கடைசிக்கு அருகிலுள்ள விரிகுடா வரை என்றால் தொகுதிப் படகு போதும், அதிலும் 37 அடியைத் தாண்ட மாட்டேன். ஆண்டில் பல மாதம் படகிலேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் கேட்டமரான்.

எதை எடுத்தாலும் சோதனை ஓட்டத்துக்குக் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். ஒருவர் அவர்களோடு உள்ளே இருக்க, மற்றவர் தனியாகப் பாயைச் சுருக்கித் துறையில் கட்டிப் பார்க்கட்டும். முடியவில்லை என்றால் பேரம் பேசும் முன்பே அடுத்த படகைப் பார்க்கலாம். முடிந்தால், விற்பவரிடம் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றிய ஆண்டு, செயில்டிரைவ் (எஞ்சினைப் படகின் அடித்தளம் வழியே கீழேயுள்ள புரொப்பெல்லரோடு இணைக்கும் அமைப்பு) இருந்தால் அதன் ரப்பர் வளையத்தை மாற்றிய ஆண்டு. கம்பிகளுக்குப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கணக்கு. ரப்பருக்கு எஞ்சின் கம்பெனியான வோல்வோ பென்டா சொல்வது ஏழு ஆண்டு. ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.