மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்: கொழும்பில் ஆறு கிழமை

இந்த முறை ஆறு கிழமை லீவில் கொழும்புக்குப் போய்ச் சின்னம்மா வீட்டில் தங்கினேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கை அது. இரவில் ரயில் போகிற சத்தம் கேட்கும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் அதில் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்தது பக்கத்து வீட்டு நாய். பெயர் ஜிம்மி. இரவு பதினொன்றரைக்குத் தொடங்கினால் விட்டு விட்டு மூன்று மணி வரை குரைக்கும். அதன் கூடு சின்னம்மாவின் படுக்கையறை யன்னலுக்கு நேரே, மதிலோடு ஒட்டினாற்போல் இருந்தது.

சின்னம்மாவுக்கு 74 வயது. பிரஷருக்குக் குளிசை போடுகிறார். எட்டு மாதமாக இதே கதைதானாம். ரெலிபோனில் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டதற்கு, "உனக்குச் சொல்லி என்ன பிள்ளை, நீ அங்கயிருந்து வந்து நாயைக் கட்டப்போறியே?" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. வந்த வேலையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் அறுபது கடந்த ஒரு சிங்களப் பெண்மணி. தனியே இருக்கிறார். பிள்ளைகள் மெல்பேர்னில். ஒழுங்கையில் ஒரு வீட்டில் களவு போன பிறகுதான் நாய் வாங்கியிருக்கிறார். இருபது வருசமாக மதிலுக்கு மேலால் தேங்காயும் கறிவேப்பிலையும் கைமாறிய வீடுகள் இவை. ஆனால் ஒரு நாள் ஜிம்மி கேற்றால் வெளியே ஓடி, ரியூஷனுக்குப் போன பொடியன் ஒருவனின் காலைப் பிறாண்டிவிட்டது. சின்னம்மா ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது.

நான் இருப்பது ஸ்காபரோவில். ரொறன்ரோவில் இப்படி ஒன்று நடந்தால் நகரசபையின் 311 இலக்கத்தை அழைப்போம், எந்த நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் குரைத்தது என்று குறித்து வைப்போம், மிச்சத்தை நகரசபை உத்தியோகத்தர் பார்த்துக்கொள்வார். நாய்க்கு லைசென்ஸ் வேண்டும். வெளியே கொண்டுபோனால் 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதல் இரவே போனில் மணி குறிக்கத் தொடங்கிவிட்டேன். 11.40, 12.15, 12.50, 2.20. அந்தக் குறிப்புத்தான் பின்னால் கைகொடுத்தது, நான் நினைத்த மாதிரியாக இல்லாவிட்டாலும்.

சின்னம்மா நினைத்துக்கொண்டிருந்தது வேறு. மாநகர சபைக்குச் சொன்னால் வண்டி வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். ஒரு காலத்தில் அப்படி நடந்ததுதான். 2006க்குப் பிறகு நாய்களைக் கொல்லாத கொள்கை வந்துவிட்டது. இப்போது கட்டாக்காலி நாய்களுக்குக் கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் நடைமுறை. வளர்ப்பு நாயைப் பிடித்துப் போகும் பேச்சே இல்லை. இதைக் கேட்டதும் சின்னம்மாவின் முகம் வாடியதைவிட, அதற்குப் பிறகு தாழ்ந்த குரலில் கேட்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது: "அப்ப முந்தி பிடிச்சதுகளைக் கொன்றே போட்டவையோ?" நாய் சாகவேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை.

சரி, பொலிஸுக்குப் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. முதல் நாள் மேசையில் இருந்தவர் சிரித்தார். நாய் என்றால் குரைக்கும்தானே என்றார். பிறகு முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டாமல், கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார். சின்னம்மா போட்டுவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தான் சொன்னது தாளில் இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு முதியவர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

மறுநாள் திரும்பவும் போய், முறைப்பாட்டைத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டோம். ஒரு மணித்தியாலம் வாங்கில் இருக்கவேண்டி வந்தது. அப்புறம் தமிழ் பேசும் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து, சின்னம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரி வரியாக எழுதி, வரி வரியாக வாசித்தார். "அம்மா, இதைக் கோட்டுக்குக் கொண்டுபோகலாம். பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போக வழி இருக்கிறது. ஆனால் நாளைக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஒழுங்கைதானே. முதலில் இணக்க சபைக்கு அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார்.

இணக்க சபை என்பது பழைய பெயர். 1958இல் அந்தப் பெயரில் சட்டம் வந்து, எழுபதுகளின் கடைசியில் அந்தச் சபைகள் இல்லாமல் போயின. இப்போது இருப்பவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள், பிணக்குகளைக் கோட்டுக்கு வெளியே பேசித் தீர்ப்பவை. ஆனாலும் சனத்தின் வாயில் பழைய பெயர்தான். பொலிஸ் அனுப்பித்தான் போக வேண்டும் என்றும் இல்லை. உங்கள் பகுதிச் சபையின் தவிசாளருக்கு நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எந்தச் சபை என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. தெஹிவளைப் பக்கம் போனால் மாநகர சபையே வேறு. காலி வீதியில் நடந்து போகும்போது எல்லை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இதை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது. தொடர்மாடியில் இருப்பவர்கள் முதலில் தங்கள் கட்டடத்து நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

இதற்கிடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பொடியனைப் பிறாண்டிய விஷயத்தை முறைப்பாட்டில் எழுதியிருந்தோம். குரைப்பது அவருடைய வேலை இல்லை, தடுப்பூசிதான் அவருடைய வேலை. நேரே பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டி, தடுப்பூசி அட்டையைக் கேட்டார். ஜிம்மிக்குக் கடைசி ஊசியின் தவணை முடிந்து ஐந்து மாதமாகியிருந்தது. பதிவும் செய்யவில்லை. நாய் வளர்ப்பவர் அதை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. விசர்நாய்க்கடி நோய்க்கான கட்டளைச் சட்டம் அதற்கும் முந்தியது, 1893. நூறு வருசத்துக்கு மேலாக இருக்கிற சட்டம், ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. ஏசவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கும் கேட்கும்படி விளக்கினார். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் செத்தார்கள், இன்றைக்கு அது ஒரு சில பத்துகளுக்குள் வந்திருக்கிறது என்றால் நாய்களுக்குப் போட்ட ஊசிதான் காரணம் என்றார். கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்றார். பொடியனின் தாய் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டிருந்தார், நல்ல வேளை. ஜிம்மிக்கும் அந்தக் கிழமையே ஊசி போடப்பட்டது.

மத்தியஸ்த சபை கூடியது ஒரு சனிக்கிழமை, ஒரு பாடசாலையில். காலை எட்டரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. கைமாற்றாகக் கொடுத்த காசு, வாடகை, கூரைத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் விழுவது என்று ஆளுக்கொரு வழக்கு. சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை. கட்டணம் என்று எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் கிடையாது, போய் வரும் செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும்தான். சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஊராருடைய கோபத்தைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் உண்மையான மரியாதை வந்தது.

எங்களுக்கு மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தமிழும் சிங்களமும் ஒரே மாதிரி வரும். நான் பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் பேச வேண்டியவர் அம்மாதான் என்றார். ஸ்காபரோவிலிருந்து எல்லாவற்றையும் யோசித்து வந்த எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. ஆனால் அது சரியான ஏற்பாடு. நான் பேசியிருந்தால் வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் சட்டம் பேசுகிறது என்றுதான் பக்கத்து வீட்டு அம்மாவின் காதில் விழுந்திருக்கும். சின்னம்மா பேசியது தூக்கத்தைப் பற்றி மட்டும்தான். இரவு மூன்று மணிக்கு எழும்பிக் கட்டிலில் இருந்து, இனித் தேத்தண்ணி போடுவதா திரும்பப் படுப்பதா என்று யோசிப்பதைச் சொன்னார். ஆசிரியை அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அம்மா தலை குனிந்துகொண்டார்.

அவருக்கும் சொல்ல இருந்தது. தன்னைத் தெருவில் வைத்துப் பேசியது. நாய் குரைக்கும்போது எங்கள் பக்கத்திலிருந்து யாரோ மதிலில் தடியால் அடிப்பது, அதனால் அது இன்னும் கூடக் குரைப்பது. தடியால் அடித்தது நான்தான், வந்த இரண்டாம் இரவு. ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் ஆசிரியை என் குறிப்பைக் கேட்டார். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மணிகளை ஒன்றொன்றாகப் பார்த்தார். "ஏன் கிழமையில் இரண்டு நாள் மட்டும் இவ்வளவு? மற்ற நாள் ஒன்றிரண்டோடு நிற்கிறதே. அந்த நாளில் வீட்டில் என்ன நடக்கும்?" என்றார். நான் குரைத்த கணக்கை எடுத்திருந்தேனே தவிர, ஏன் என்று ஒரு தரமும் யோசித்திருக்கவில்லை. சின்னம்மாதான் மெல்லச் சொன்னார்: "அது நான் மீன் வாங்கிற நாள்."

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கி வந்தால் செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, எறும்பு ஏறாமல் பின் மதில் ஆணியில் மாட்டிவிடுவார். உக்கும் குப்பை எடுக்க வண்டி வரும் வரைக்கும் அது அங்கேயே தொங்கும். இரவில் பூனைகள் மதிலில் வரிசை கட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம், இரண்டு அடி தள்ளி, ஜிம்மியின் கூடு.

அந்த மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மா முதலில் பேசினார், தமிழில், "பூனைதானா" என்று. அவருக்குத் தமிழ் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இணக்கத்தை எழுதினார்கள். கூட்டை முன் பக்கம், கறாஜுக்குள் மாற்றுவது. இரவு ஒன்பதுக்குப் பிறகு நாயை உள்ளே எடுப்பது. வெளியே கொண்டுபோனால் சங்கிலியில். கேற் கொளுக்கியைப் பழுதுபார்ப்பது. எங்கள் பக்கம் மீன் கழிவை மூடியுள்ள வாளியில் வைப்பது, மதிலில் அடிக்காமல் இருப்பது, பிரச்சினை வந்தால் தெருவில் நின்று பேசாமல் கேற்றைத் தட்டுவது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை சின்னம்மா தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்து முழுவதும் வாசித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். இணங்காமல் போயிருந்தால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு கோட்டுக்குப் போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. சபைக்கு நாள் குறித்து வந்த கடிதம் ஒரே மொழியில் இருந்தது. எட்டரைக்குப் போன எங்களைப் பதினொன்றே முக்காலுக்குத்தான் கூப்பிட்டார்கள், இடையில் வயதானவர்களுக்கு ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. கூட்டை மாற்ற மேசன் கிடைக்காமல் இன்னும் பன்னிரண்டு நாள் போனது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஜிம்மி குரைத்தது, ஆனால் மீன் வாளிக்கு மூடி வந்த பிறகு இரவு ஒரு மணிக்குப் பிறகு குரைக்கவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து நிலைமையைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் என் விமானம். அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார் சின்னம்மா. எழுதிக் குளிசைப் பெட்டிக்கு மேல் ஒட்டிவிட்டு வந்தேன். போன கிழமை அழைத்தபோது, சபைக்கு இருவரும் ஒரே ஓட்டோவில் போய் வந்ததாகச் சொன்னார். ஓட்டோக்காரன் முந்நூறு ரூபா கூடக் கேட்டானாம், பக்கத்து வீட்டு அம்மாதான் பேசிக் குறைத்தாராம்.