தீவிரவாத எதிர்ப்பா, தெரு வேலையா: எதைப் பார்த்து ஓட்டு?

தேர்தல் வந்தாலே தண்டையார்பேட்டை டீக்கடையில் இந்தப் பேச்சுதான்.

அதிகாரம்: தேசியப் புலனாய்வு முகமையை உருவாக்கிய என்.ஐ.ஏ. சட்டம் 2008, தீவிரவாத வழக்குகளில் பாயும் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) திருத்தம் 2019. இரண்டும் நாடாளுமன்றத்தில் வந்தவை. வடசென்னை எம்.பி.க்கு அங்கே ஓட்டு உண்டு, ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது.

சோதனை: கால்வாயைத் தூர்வாரினாரா என்பது ஒரே மழையில் தெரிந்துவிடும். தீவிரவாத எதிர்ப்பில் கொள்கை உறுதி அப்படித் தெரியாது. தனக்கு வேண்டியவன் குண்டு வைத்தாலும் கண்டிப்பாரா? குற்றம் நிரூபிக்கப்படாமல் வருஷக்கணக்கில் சிறையில் கிடப்பவனுக்காகப் பேசுவாரா? இரண்டுக்கும் ஆமென்றால்தான் அது மனசாட்சி. ஒரு மதத்தை மட்டும் குறிவைத்தால் அது வெறுப்பு.

மனதில் நிற்பது: 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படிந்தபோது யார் வந்து நின்றார்கள் என்பதை மீனவர்கள் மறக்கவில்லை.

என் கணக்கு: மக்களவைக்கு முதலில் மனசாட்சி, சட்டமன்றத்துக்கும் மாநகராட்சிக்கும் தெரு வேலை.