டிவைஸின் பேஜ் ஃபால்ட்: ரிங்கில் போடுவதா, ரீடில் கொடுப்பதா?

சிபியூவில் பேஜ் ஃபால்ட் வந்தால், அதாவது நிரல் தொட்ட பக்கம் மெமரியில் இல்லையென்றால், ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டு டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் நேராக மெமரியைத் தொடுவது) நடுவில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் கதை வேறு. அது டிவைஸ் கேட்கும் முகவரியை மெமரி முகவரியாக மாற்றித்தரும் ஐஓஎம்எம்யூ வழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பதில் வரும்வரை அந்த வேலை நகராது. இதைக் கெர்னல் மேலே ஓடும் நிரலுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் நாகர்கோவிலில் எனக்கும் கூட வேலை பார்க்கும் தம்பிக்கும் ஒரு வாரமாகச் சண்டை.

சொல்லவே வேண்டாம், கெர்னலே நிரப்பட்டும் என்றால்? ப்ராசஸின் பேஜ் டேபிளையே (எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற அட்டவணை) கார்டும் பயன்படுத்தும்போது அதுதான் சரி. ஆனால் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்து, முதல் அடுக்கு டேபிளையும் உள்ளே ஓடும் ஓஎஸ்ஸான கெஸ்ட் கையில் விட்டுவிட்டால், வெளியே இருக்கும் ஹோஸ்ட் கெர்னல் அதில் கை வைக்க முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பி கட்சி ரிங், அதாவது கடைசி இடத்துக்குப் பின் மறுபடி முதல் இடத்துக்கு வரும் வரிசை. கெர்னலும் நிரலும் ஒரே மெமரியைப் பகிர, ஒருவர் எழுத ஒருவர் படிக்க, ஃபால்ட்டுக்கு ஒரு சிஸ்டம் கால் (நிரல் கெர்னலைக் கூப்பிடுவது) என்ற செலவே இல்லை. வேகம்தான், மறுக்கவில்லை. 64 இடம் வைத்து ஒரு பொம்மை எமுலேட்டரும் எழுதினான். படிக்கிற நிரலை டீபக்கரில் நிறுத்திவிட்டு ரசவடையும் சாயாவும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் டிவைஸ் தொங்கி நிற்கிறது.

“அண்ணே, 65ஆவது எங்க போச்சு?”

“நீதான் மக்கா விழுங்கின.”

ரிங் நிறைந்ததும் எமுலேட்டர் சத்தமில்லாமல் அதைத் தூக்கிப்போட்டிருந்தது. லாக் வரி தொலைந்தால் தொலையட்டும். இது பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி. போதாக்குறைக்கு, பகிர்ந்த மெமரியில் இருக்கும் இண்டெக்ஸை நிரல் எப்படி வேண்டுமானாலும் கெடுக்கலாம். கெர்னல் ஒவ்வொரு தடவையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பதிலுக்கு இன்னொரு பாதையும் வேண்டும்.

என் கட்சி ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தரும் எண். அதில் இந்த வம்பு இல்லை. போல் (poll) காலில் காத்திரு, ரீடில் வாங்கு, ரைட்டில் பதில் சொல். ஐஓஎம்எம்யூவை நிரல்கள் கையாள லினக்ஸ் தரும் ஐஓஎம்எம்யூஎஃப்டி 2024இல், கெர்னல் 6.11இல், எடுத்ததும் இந்த வழிதான். ஒவ்வொரு ரெக்கார்டிலும் டிவைஸ் எண், பாசிட் (எந்த ப்ராசஸின் முகவரி வெளி என்ற எண்), குரூப் எண், அனுமதி, முகவரி, பதிலைக் கேள்வியோடு சேர்க்க ஒரு குக்கி. பதிலில் குக்கியும், ஆச்சா இல்லையா என்று சொல்லும் ஒரு குறியீடும் மட்டும். கார்டு 3 பக்கத்தை ஒரே குரூப்பாகக் கேட்டால் பதில் மொத்தத்துக்கும் ஒன்றே. அதனால் ரீட் பஃபரில் மூன்றுக்கும் இடமில்லையென்றால் பாதியைக் கொடுக்காது. குரூப்பை முழுசாக அடுத்த ரீடுக்கு வைத்துக்கொள்ளும். இந்த ஃபைல் டிஸ்கிரிப்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபால்ட் ஆப்ஜெக்டை அழித்தால், பதில் கிடைக்காமல் நிற்பவற்றுக்குக் கெர்னலே ‘செல்லாது’ என்று சொல்லிவிடும். எனக்கு இந்த ஒன்றே போதும்.

சிஸ்டம் கால் செலவு? ஒரே ரீடில் பல குரூப்பை வாங்கலாம். பக்கத்தை டிஸ்கிலிருந்து கொண்டுவரும் நேரத்தோடு பார்த்தால் அது சில்லறை.

சரிசெய்யவே முடியாத ஃபால்ட்டுகளுக்கு மட்டும் ரிங்கை விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பதில் தேவையில்லை. எத்தனை தவறியது என்று ஒரு கவுண்டர் இருந்தால் போதும். தம்பி இப்போது அந்தக் கவுண்டரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.