வாடகைத் தாய் ஆலோசனைச் சேவை: கொழும்பு நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

என் தங்கைக்கு 32 வயதில் கருப்பையை அகற்ற வேண்டி வந்தது. சூலகங்கள் நலமாக இருப்பதால், அவளுடைய கருமுட்டையில் உருவாகும் கருவை இன்னொரு பெண் சுமக்க முடியும் என்று மகப்பேற்று நிபுணர் சொன்னார். அதன் பிறகு அவளும் அவள் கணவரும் நானும் காலி வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு தனியார் குழந்தைப்பேற்று நிலையத்துக்கு நான்கு தடவை போனோம். அதன் பெயரை எழுதவில்லை. அங்கே கண்டதை எழுதுவது, அதே கதவைத் தட்டப்போகும் ஏனைய குடும்பங்களுக்காக.

மருத்துவப் பகுதியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டொக்டர் தமிழிலேயே பேசினார். முட்டைகளை முதிரச் செய்யும் ஊசிகள், அவற்றை வெளியே எடுக்கும் முறை, ஆய்வுகூடத்தில் ஐந்து நாள்வரை கருவை வளர்ப்பது எல்லாவற்றையும் தாளில் வரைந்து காட்டினார். இரண்டு கருக்களை வைத்தால் இரட்டைக் குழந்தை கிடைக்குமா என்று மைத்துனர் கேட்டபோது, இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தைச் சுமப்பது நீங்கள் அல்ல, அந்தப் பெண் என்று சொல்லி, ஒன்றுக்கு மேல் வைக்க மறுத்தார். அந்த நிலையத்தில் அந்தப் பெண்ணை நினைத்துச் சொல்லப்பட்டதாக நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

மேல்மாடியில் இணைப்பாளரின் அறையில் எங்களிடம் தரப்பட்ட ஒப்பந்தம் 14 பக்கங்கள், முழுவதும் ஆங்கிலம். பணத்தை எந்தத் தவணையில் கட்டுவது, குழந்தையை எந்த நாளில் கையளிப்பது என்பவை விரிவாக இருந்தன. சுமக்கும் பெண் மூன்றாம் மாதத்திலிருந்து நிலையம் ஒழுங்குசெய்யும் வீட்டில் தங்க வேண்டும். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் மாதம் இரண்டு தடவை வந்து பார்க்கலாம். மலையகத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். “அந்தப் பிள்ளையளை அதுவரைக்கும் ஆர் பாப்பினம்?” என்று தங்கை கேட்டாள். “அதையெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம் மிஸ், நீங்கள் யோசிக்காதேங்கோ” என்று இணைப்பாளர் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பெண் கையெழுத்திடுவதற்குத் தமிழ்ப் பிரதி உண்டா என்றால், இல்லை. அவளுக்கென்று தனியாகச் சட்டத்தரணி உண்டா என்றால், எங்களுக்கு ஒப்பந்தத்தை எழுதிய நிலையத்தின் சட்டத்தரணியே அவளுக்கும். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு இரத்தப்போக்கோ மனச்சோர்வோ வந்தால் எத்தனை நாள் யார் செலவு பார்ப்பது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இந்தியா 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் பணத்துக்காக வாடகைத் தாயாவதையே தடைசெய்துவிட்டது. அங்கே சுமக்கும் பெண் 25 முதல் 35 வயதுக்குட்பட்ட, சொந்தப் பிள்ளை உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான். 36 மாதக் காப்புறுதி கட்டாயம். அந்தத் தடை முழுவதும் சரி என்று நான் சொல்லவில்லை; பணமில்லாமல் சுமக்கும்படி உறவுக்குள் வற்புறுத்தப்படும் பெண்ணை அது காப்பாற்றுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் சுமப்பவளின் உடலை எண்ணி எழுதப்பட்ட விதிகள் அங்கே உள்ளன. இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லாதபடியால், ஒப்பந்தத்தில் இல்லாத பாதுகாப்பு அவளுக்கு வேறெங்கிருந்தும் கிடைப்பது அரிது.

என்னை மிகவும் உலுக்கியது பிறப்புப் பதிவு. பிரசவ விடுதியில் சுமக்கும் பெண்ணைத் தங்கையின் பெயரிலேயே அனுமதித்துவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் வராது என்று இணைப்பாளர் சாதாரணமாகச் சொன்னார். அது பொய்ப் பதிவு என்றும், பெற்றவளின் பெயரைப் பதிந்து 1941ஆம் ஆண்டு மகவேற்பு (தத்தெடுத்தல்) கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் போவதே நேர்வழி என்றும் எங்கள் சொந்தச் சட்டத்தரணி பிறகு விளக்கினார். 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, பொய்ப் பத்திரங்களும், தாயென்று நடிக்கக் கூலிக்கு அழைத்துவரப்பட்ட பெண்களும் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் சிலர் இன்று நடுவயதில் திரும்பி வந்து, பத்திரத்திலுள்ள பெயருக்குரிய பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கையில், அவள் தாயே அல்ல என்று அறிகிறார்கள். தங்கை தனக்குக் கிடைக்கும் குழந்தையை அப்படிப்பட்ட பத்திரத்தோடு வளர்க்க விரும்பவில்லை.

மருத்துவருக்காக மட்டும் ஐந்தில் நான்கு கொடுப்பேன். நிலையத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க என் மனம் இடம் தரவில்லை. நாங்கள் விலகிக்கொண்டோம்; பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. பரிசோதனை அறிக்கைகளைக் கேட்ட அன்றே தந்தார்கள். இங்கே போகிறவர்கள் முதல் தவணையைக் கட்டுமுன் சுமக்கும் பெண்ணை அவளுடைய கணவரோடு நேரில் சந்திக்கக் கேளுங்கள், ஒப்பந்தம் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படும்போது நீங்களும் கூட இருங்கள். நாங்கள் இரண்டையும் கேட்டோம், இரண்டும் மறுக்கப்பட்டன.