சில்க்சாங் ‘கீ’ 199 ரூபாய் என்று யாராவது சொன்னால், ஒரு நிமிஷம் நில்லுங்கள்

"ஸ்டீம் கேம்ஸ் 99 ரூபாய் முதல்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் டெலிகிராமிலும் போஸ்டர் போட்டு விற்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை. அப்படி ஒருவரிடம் ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ என்ற விளையாட்டை வாங்கி ஏமாந்த கதை இது. போன பணம் 199 ரூபாய். அதைப் பற்றி மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். அந்த 199 ரூபாய்க்குப் பின்னால் என் கம்ப்யூட்டரும் பேங்க் கணக்கும் போயிருக்க வேண்டியது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் டீம் செர்ரி என்று ஒரு சின்னக் குழு. ஒரு கையில் எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்களிடம் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, 2017-ல் ‘ஹாலோ நைட்’டை வெளியிட்டார்கள். அதில் வரும் ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஒரு கூடுதல் பகுதி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது என்று 2019 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அதுதான் சில்க்சாங்.

அறிவித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டி, 12 மாதத்துக்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தார்கள். 2023 மே மாதம், இன்னும் நேரம் வேண்டும் என்றார்கள். மறுபடி மௌனம். அதற்குள் ரசிகர்களுக்குக் காத்திருப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. எந்த கேம் நிகழ்ச்சி நடந்தாலும் "இன்னைக்குக் கண்டிப்பா சில்க்சாங்" என்று கோமாளி முகம் போட்ட மீம்கள் பறக்கும். ‘இன்று எந்தச் செய்தியும் இல்லை’ என்று சொல்வதற்காகவே தினமும் வீடியோ போட்ட யூடியூப் சேனல்கூட உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

2025 ஆகஸ்ட் 21 அன்று திடீரென்று தேதி சொன்னார்கள்: செப்டம்பர் 4. இரண்டே வாரம். மற்ற சின்ன ஸ்டுடியோக்கள் பயந்துபோய்த் தங்கள் விளையாட்டுகளைத் தள்ளி வைத்தன. ‘டீமன்ஸ்கூல்’ நவம்பருக்குப் போனது, ‘பேபி ஸ்டெப்ஸ்’ செப்டம்பர் கடைசிக்கு நகர்ந்தது. இங்கே மோசடிக்காரர்கள் மட்டும் நேர் எதிர்த் திசையில் ஓடி வந்தார்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சில்க்சாங்குக்கு முன்பதிவே கிடையாது. விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டியே பிரதி தரவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம், இந்தியாவில் மாலை ஏழரை மணி. அப்படியிருக்க, ஆகஸ்ட் கடைசியிலேயே "ப்ரீ-ஆர்டர் ஸ்லாட் ஓபன், 50 ரூபாய் அட்வான்ஸ்" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள் விற்றது என்ன? ஒன்றுமே இல்லை. வாங்கிய பணத்தைச் சுருட்டிவிட்டு நம்பரை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்த பையன்களை எனக்கே தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். செப்டம்பர் 4 மாலை ஸ்டீமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரை ஆனதும் கடை படுத்துவிட்டது. என் வீட்டில் மட்டுமில்லை, உலகம் முழுக்க. நிண்டெண்டோ கடை, பிளேஸ்டேஷன் கடை எல்லாவற்றிலும் அதே பிழைச் செய்திதான். வாங்கும் பட்டியலில் (கார்ட்) போட்டால் பக்கம் திறக்காது, பக்கம் திறந்தால் பணம் போகாது. அந்த நேரத்தில் ஒரு விற்பனையாளரின் ஸ்டேட்டஸ் வந்தது: "ஸ்டீம் டவுன். நோ வொரீஸ். நம்மகிட்ட சில்க்சாங் கீ ரெடி. ஒன்லி 199." என் நண்பர்கள் சிலர் அவரிடம் முன்பே பழைய கேம்கள் வாங்கியிருந்தார்கள், பிரச்சினை எதுவும் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பினேன்.

"கீ எங்க ப்ரோ?"

"கீ இல்ல ப்ரோ, ஆஃப்லைன் ஆக்டிவேஷன். ஐடி பாஸ்வேர்டு தரேன்."

வித்தை இங்கேதான் இருக்கிறது. ஸ்டீம் கீ என்பது ஐந்தைந்து எழுத்தாக மூன்று தொகுதி, நடுவில் கோடு. அதை உங்கள் சொந்தக் கணக்கில் போட்டால் விளையாட்டு உங்களுடையது. இவர்கள் கொடுப்பது வேறு யாருடைய கணக்கோ ஒன்றின் பெயரும் பாஸ்வேர்டும். அதில் ஒரே ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, அதே கணக்கை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்கிறார்கள். உள்ளே நுழையும்போது வரும் ஸ்டீம் கார்டு (Guard) என்ற பாதுகாப்பு எண்ணை விற்பவர்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இறக்கி முடித்ததும் ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றிவிட வேண்டும், அப்புறம் ஆன்லைன் பக்கமே வரக்கூடாது. வந்தால் இன்னொருவர் விளையாட்டு தடைபடும் அல்லது உங்களுடையது தடைபடும்.

அன்றிரவு இறக்கித் திறந்தால் ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் நான்கு சேவ் ஸ்லாட்டுகளும் நிரம்பியிருந்தன. விளையாட்டு வெளியாகிச் சில மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் எனக்கு முன்னால் நான்கு பேர்! அவரிடம் சொன்னதும் ஒரு ஸ்லாட்டை அவரே காலி செய்து கொடுத்தார். யாருடையது என்று கேட்டேன். "டெட் சேவ் ப்ரோ, நீங்க ஆரம்பிங்க" என்றார்.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது கொடுமையான கடினம். பல எதிரிகள் ஒரே அடியில் முகமூடி வடிவில் காட்டும் உயிரில் இரண்டை எடுத்துவிடும். உட்கார்ந்து இளைப்பாறும் பெஞ்சுக்குக்கூடச் சில இடங்களில் காசு கேட்கும். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) தோற்றால், காற்று பிடித்துத் தள்ளும் பாதையில் மறுபடி ஓடி வர வேண்டும். கஷ்டப்பட்டு அதை வீழ்த்தினால், சாகும்போது வெடித்து உங்களையும் கொண்டுபோகப் பார்க்கும். வெளியான முதல் வாரம் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது இதைப் பற்றித்தான். "ஏழு வருஷம் காத்திருந்தது இதுக்கா" என்று ஒரு பக்கம், "இதுதான்டா ஹாலோ நைட்" என்று இன்னொரு பக்கம். சீன ரசிகர்களின் கோபம் வேறு மாதிரி. மொழிபெயர்ப்பு செயற்கையான பழைய நடையில் இருக்கிறது என்று ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஓட்டப் பாதைகள் சில வேண்டாத தொல்லைதான். ஆனாலும் விடமுடியவில்லை.

சில நாட்களிலேயே டீம் செர்ரி முதல் திருத்தத்தை அறிவித்தார்கள். மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு ஆரம்பகால பாஸ்களைக் கொஞ்சம் இலகுவாக்கினார்கள், பிழைகளைச் சரிசெய்தார்கள். காசு கொடுத்து முறையாக வாங்கியவர்களுக்கு அது தானாக வந்து இறங்கியது. ஆஃப்லைனில் பூட்டி வைக்கப்பட்ட எனக்கு வராது. (மூர்விங்கை அதன் பழைய கடுமையிலேயே அடித்தேன் என்ற பெருமை மட்டும் மிச்சம்.)

அவரிடம் கேட்டேன். "அப்டேட் நான்தான் போட்டுத் தரணும் ப்ரோ, ரிமோட்ல வரேன்" என்றார். தொலைவிலிருந்து நம் திரையை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னார். ஆன்டிவைரஸையும் நிறுத்தச் சொன்னார். இரண்டாவதற்கு மறுத்துவிட்டேன். முதலாவதற்கு, பிரவுசரில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டு, இணைப்பைப் பிடுங்கத் தயாராகப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சம்மதித்தேன். ஸ்டீம் ஆன்லைனுக்கு வந்ததும், கம்ப்யூட்டரில் இருக்கும் சேவும் கிளவுடில் (ஸ்டீமின் இணையச் சேமிப்பில்) இருக்கும் சேவும் ஒத்துப்போகவில்லை, எது வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மவுஸ் நகர்ந்து கிளவுடை அழுத்திவிட்டது. கிளவுடில் இருந்தது மற்றவர்களுடைய விளையாட்டு. லாஸ்ட் ஜட்ஜைத் தாண்டி சிட்டடெல் என்ற அடுத்த பகுதிக்குள் நுழைந்திருந்த என் சேவ் போயே போனது. இப்போது நான்தான் ‘டெட் சேவ்’.

அத்தோடு நிற்கவில்லை. அந்தச் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைப் பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு வரியை ஒட்டப் போனார். "இது போட்டா பர்மனென்ட் ஆயிடும் ப்ரோ." நெட்டைத் துண்டித்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு வரி, வெளியே எங்கிருந்தோ ஒரு நிரலை இழுத்து வந்து நிர்வாகி உரிமையோடு ஓடவிடும். அது பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரலாக இருந்தால் நமக்குத் தெரியக்கூட வராது. அன்றே செயலியை நீக்கி, விண்டோஸை முழுக்க அழித்து மறுபடி நிறுவி, மெயிலிலிருந்து பேங்க் வரை பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்ததுதான் கடைசி வித்தை. "ரீஃபண்ட் போட்டுட்டேன், ரிக்வெஸ்ட்டை அப்ரூவ் பண்ணுங்க" என்று செய்தி. யுபிஐ செயலியில் பார்த்தால் அது எனக்குப் பணம் வரும் கோரிக்கை இல்லை, என்னிடமிருந்து 1,990 ரூபாய் கேட்கும் கலெக்ட் ரிக்வெஸ்ட். பணம் வாங்குவதற்கு எந்தக் காலத்திலும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. தனிநபர்களுக்கிடையே இந்தக் கலெக்ட் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே வேலையை இப்போது க்யூஆர் குறியீட்டை அனுப்பி, "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று செய்கிறார்கள். நிராகரித்ததும் என்னை பிளாக் செய்துவிட்டார். சில நாட்களில் அந்த ஸ்டீம் கணக்கின் பாஸ்வேர்டும் மாறிவிட்டது.

ஸ்டீமிடம் புகார் செய்யலாமே என்று கேட்பீர்கள். எந்த முகத்தோடு? கணக்கை விற்பதும் பகிர்வதும் அவர்கள் ஒப்பந்தத்திலேயே தடை செய்யப்பட்டவை. கணக்கு என் பெயரிலும் இல்லை. விற்பவர் அதைத் தெரிந்துதான் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார். முறையாக வாங்கியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடி, 14 நாளுக்குள் கேட்டால் ஸ்டீமே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். நான் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் கூப்பிட்டு, தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்தேன். யுபிஐ பரிவர்த்தனை எண், அரட்டையின் ஸ்கிரீன்ஷாட், அவருடைய யுபிஐ ஐடி மூன்றையும் கேட்டார்கள். பிளாக் ஆவதற்கு முன்பே அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு ஆத்திரமே வேறு காரணத்துக்காக. சில்க்சாங்கின் விலை வெறும் 20 டாலர். மற்ற பெரிய விளையாட்டுகள் 70 டாலர் கேட்கும் காலத்தில், இது ரொம்ப மலிவு என்று மற்ற ஸ்டுடியோக்காரர்களே முணுமுணுத்தார்கள். எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தா வைத்திருப்பவர்களுக்கு முதல் நாளே அதில் கிடைத்தது. ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் வாங்கினால் பூட்டே இல்லாத பிரதி, ஆன்லைன் ஆஃப்லைன் என்ற தொல்லையே கிடையாது. இப்போது முறையாக வாங்கி மறுபடி முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். லாஸ்ட் ஜட்ஜ் இரண்டாவது முறையும் வெடித்துக் கொன்றுவிட்டது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நண்பர் ஒருவரின் போனில் அதே ஆளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன்: "ஜிடிஏ 6 பிசி, அட்வான்ஸ் புக்கிங் 499." ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) என்ற அந்த விளையாட்டுக்கு 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே என்றார்கள், அதற்கப்புறம்தான் இது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ், இவற்றுக்கு மட்டும்தான் அறிவிப்பு. பிசி பதிப்பு என்ற ஒன்றை அறிவிக்கவே இல்லை. ‘மொபைல் பீட்டா ஏபிகே’ (ஆண்ட்ராய்டு போனில் நிறுவும் கோப்பு) என்று வருவதும் அதே ரகம்தான், அதை போனில் நிறுவிவிடாதீர்கள். 499 கொடுக்கத் தயாராக இருந்த நண்பரைத் தடுத்துவிட்டேன். அந்த ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட்டையும் என் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.